அம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்த ஐந்து

அம்மா ஓட்டு ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து இறக்கிய ஓடுகளை விரல் மடக்கித் தட்டி, சத்தத்தை வைத்து நல்லதையும் விரிசல் விட்டதையும் பிரிக்கிற வேலை. ஆலை மூடியபின் ஊர் அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கச் சேர்ந்தாள். அருங்காட்சியகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய தபால் நிலையக் கட்டடம், இரண்டு அறை, பின்னால் ஒரு கொட்டகை. வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லாமலும் தூக்கி எறிய மனமில்லாமலும் ஊர்க்காரர்கள் கொடுத்த தட்டச்சுப்பொறிகள், தராசுகள், ஒரு முடிதிருத்தும் நாற்காலி.

காப்பாளருக்கு எதைப் பார்த்தாலும் சீட்டு ஒட்டியாக வேண்டும். டீ போடும் கெட்டிலில்கூட ‘இது காட்சிப்பொருள் அல்ல’ என்று ஒட்டியிருந்தார். எல்லோரும் அவரை லேபிள் சார் என்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் அங்கே கைவினை வகுப்பு. முதலில் வந்த ஆசிரியர் காகிதப் பூவும் முகமூடியும் செய்யச் சொல்லிக்கொடுத்துவிட்டு மூன்றாவது வாரமே நின்றுவிட்டார். கொட்டகையில் யாரோ கொடுத்த மின்சூளை ஒன்று சும்மா கிடந்தது. மண்ணுதானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா உள்ளே போனாள். ஒன்பது பேர் வந்தார்கள். நாற்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், தையல்கடை அக்கா, மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி, இப்படி. ஆலையில் அம்மாவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இங்கே ஒன்பது பேர் டீச்சர் டீச்சர் என்றார்கள். சனிக்கிழமை என்றால் அவளுக்கு வெள்ளிக்கிழமையே கால் தரையில் நிற்காது.

மண் பொருள் முழுதாகக் காய்ந்துவிட்டதா என்று அம்மா கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். உள்ளே ஈரம் இருந்தால் கன்னத்தில் சில்லென்று இருக்கும். சில்லிப்பு போய்விட்டால் சூளைக்குப் போகலாம். ஈரத்தோடு போனால் தண்ணீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பொருளை வெடிக்கவைத்துவிடும். எடை போட்டுப் பார், இரண்டு நாள் ஒரே எடை வந்தால் காய்ந்தது என்று அர்த்தம் என்று நான் சொல்லியிருக்கிறேன். நான் தொழிற்சாலைகளில் வெப்பமானி, அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறவள். தராசுக்குக் கன்னம் உண்டா என்று கேட்டாள் அம்மா. அவள் பார்த்தது ஒன்றும் வெடித்ததில்லை.

கண்டக்டர் ஒரு பஸ் செய்தார். ஒரு செங்கல்லுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. உள்ளே குடையச் சொன்னாள். “பஸ்ஸுன்னா நிறைஞ்சுதான் டீச்சர் போகணும்” என்றார் அவர். அடுத்த வாரம் நானே குடைகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த அடுத்த வாரம் வரவில்லை. புதன்கிழமை சீட்டு கொடுக்கும் மேசையிலேயே சரிந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், முகத்தின் வலது பாதி. பேச்சு குழறியது. நாலு வார்த்தையில் இரண்டு புரியும்.

மூன்றாவது வாரம் காப்பாளர் என்னைக் கூப்பிட்டார். வகுப்பில் செய்த பதினான்கு பொருளும் அலமாரியில் காய்ந்துகொண்டிருந்தன. வருகிற ஞாயிறு முன்னறையில் அவற்றைக் காட்சிக்கு வைப்பதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஒவ்வொன்றுக்கும் ஒட்டச் சீட்டுகூட அச்சடித்தாயிற்று. வேறு ஆசிரியரைப் போடலாமா என்று அருங்காட்சியகக் குழுவில் கேட்கிறார்கள். இந்தச் சூளையை அம்மா மேற்பார்வையில் போட்டதாகச் சொன்னால், அவள் எழுந்து வரும்வரை அந்த இடத்தை வைத்திருக்கச் சொல்லிப் பேசிப்பார்ப்பேன் என்றார். நல்ல மனிதர்தான்.

அம்மாவிடம் சொன்னேன். மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பினாள்.

“கொண்டா. நான் பாக்கறேன்.”

பதினான்கில் தடிமனான ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன். தடித்தது காய்ந்திருந்தால் மெல்லியதும் காய்ந்திருக்கும். பழைய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி வெள்ளிக்கிழமை காலை வார்டுக்குக் கொண்டுபோனேன். இது என்ன வார்டா, சந்தையா என்று வார்டு சிஸ்டர் சத்தம் போட்டார். அம்மா இடது கையை நீட்டினாள்.

பஸ்ஸை எடுத்துக் கொடுத்தேன். கனத்தில் கை தாழ்ந்தது. நானும் அடியில் பிடித்தேன். அவள் அதை மூக்கைத் தாண்டிக் கொண்டுபோய் வலது கன்னத்தில் வைத்தாள்.

இத்தனை வருடமும் வலது கையால் எடுத்து வலது கன்னத்தில் வைத்த பழக்கம். அந்தக் கன்னத்தில் ஊசி குத்தினாலும் தெரியாது. டாக்டர் என் கண் முன்னால் குத்திக் காட்டியிருந்தார். அம்மா கண்ணை மூடி, வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“காஞ்சிருச்சு.”

ஐந்தையும் அப்படித்தான் பார்த்தாள். ஐந்தும் காய்ந்துவிட்டது என்றாள். அவள் முகம், அசைகிற பாதி, பழைய முகமாக இருந்தது. ‘அம்மா, இந்தப் பக்கம் வெச்சுப் பாரு.’ அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வேலையிடத்தில் பழுதான கருவியைப் பார்த்தால் யோசிக்காமல் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவைப்பவள் நான். இங்கே கூடையை மூடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சூளையை ஏற்றினேன். அம்மா சொல்லாத ஒன்றைச் செய்தேன். தொண்ணூறு டிகிரியில் மூன்று மணி நேரம் நிறுத்தினேன், மிச்ச ஈரம் போகட்டும் என்று. மெல்லிய பொருளுக்கு அது போதும். நான்கு விரல்கடைத் தடிமனுக்குப் போதாது. தெரிந்துதான் செய்தேன். ஞாயிறு காட்சி, வேறு நாள் இல்லை. பத்தரைக்கு நூற்றைம்பதைத் தாண்டியபோது முதல் சத்தம் கேட்டது, கதவுக்கு உள்ளே யாரோ முட்டியதுபோல. மின்சாரத்தை நிறுத்தினேன். நிறுத்தினால் சூடு உடனே இறங்காது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து வெடித்தன. அவற்றின் சில்லுகள் பட்டு எட்டு உடைந்தன. நர்ஸ் செய்த கிண்ணம் மட்டும் மேல்தட்டின் மூலையில் முழுதாக இருந்தது. அதை மறுபடி ஏற்றிச் சுட்டு எடுத்தேன்.

காப்பாளர் பார்த்தார். பதின்மூன்று சீட்டுகளையும் ரப்பர் வளையம் போட்டு இழுப்பறையில் வைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

ஞாயிறு மாலை அம்மா கேட்டாள்.

“வெந்துச்சா?”

“வெந்துச்சும்மா.”

“எல்லாம்?”

“எல்லாம்.”

திங்கட்கிழமை கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். இடது கை நகத்தால் தட்டிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். பஸ் எங்கே என்றாள். கனமாக இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். மறுநாள் மறந்துவிட்டேன் என்றேன். அதற்கடுத்த நாள், சீட்டு ஒட்டிக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள், லேபிள் சார் வெளியே விடமாட்டார் என்றேன். எனக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. அதனால் நிறையக் காரணம் சொன்னேன்.

அம்மா ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி முகத்தைத் தொட்டாள். முதலில் இடது கன்னம், பிறகு வலது. வலது கன்னத்தை அழுத்திக் கிள்ளினாள்.

“எந்தப் பக்கம் வெச்சேன்?”

“வலது பக்கம்.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. காப்பாளருக்கு போன் போடச் சொன்னாள். அவள் பேசியது அவருக்குப் புரியவில்லை. நான் வாங்கி, வகுப்புக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் என்றேன். குழுவில் சொல்கிறேன் என்றார் அவர். மறுநாள் நான் போவதற்குள் வார்டு சிஸ்டரைக் கொண்டு அதே எண்ணுக்கு இன்னொரு தடவை போன் போட வைத்திருக்கிறாள். நான் சரியாகச் சொன்னேனா என்று தெரிந்துகொள்ள.

அதன்பிறகு எல்லாம் அப்படித்தான். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்று நான் சொன்னால் சிஸ்டர் முகத்தைப் பார்ப்பாள். சிஸ்டர் தலையாட்டினால்தான் சரி. கோபமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டாயா என்று என்னைத் தினமும் கேட்டாள். தலைமுடியைக் கட்டு என்றாள்.

அடுத்த சனிக்கிழமை உடைந்த சில்லுகளை அள்ளிக் கொட்டகையைச் சுத்தம் செய்துவிடலாம் என்று போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. குழு அனுப்பிய புது ஆசிரியரை வாசலிலேயே டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்களுக்கு டீச்சர் இருக்கிறார், வரும்வரை நாங்களே மண் பிசைந்துகொண்டிருப்போம் என்று கண்டக்டர் காப்பாளரிடம் சொன்னாராம். “வெடிச்சது டீச்சராலயா? நாங்க செஞ்ச லட்சணத்துக்கு அது வெடிக்காம இருந்தாத்தான் அதிசயம்” என்றாள் தையல்கடை அக்கா. ஒன்பது பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். போனில் படம் எடுத்தேன். நேரே மருத்துவமனைக்கு ஓடினேன்.

அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

“இது பழசு” என்றாள்.

“இல்லம்மா, இன்னைக்குக் காலையில எடுத்தது. இங்க பாரு, தேதி போட்டிருக்கு.”

“தேதியெல்லாம் நீ மாத்துவே. படிச்சவ.”

சிரித்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் வெளியே வந்து கண்டக்டரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையெல்லாம் மண்ணாக இருந்திருக்கும். தையல்கடை அக்கா எண் என்னிடம் இல்லை. காப்பாளர் எடுத்தார். ஆனால் அவர் பேசினாலும் நான் சொல்லிக்கொடுத்ததாகத்தான் அம்மா நினைப்பாள் என்று தோன்றியது. அவருக்குமே அப்படித்தான் தோன்றியது.

மாலை ஐந்து மணிக்குக் கண்டக்டர் திருப்பிக் கூப்பிட்டார். அதற்குள் அம்மாவுக்கு நினைவு தப்பி, தீவிர சிகிச்சை அறைக்கு மாற்றியிருந்தார்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன், கண் விழித்ததும் என் வாயாலேயே சொல்கிறேன் என்றார்.

அம்மா காலை ஆறே காலுக்கு இறந்தாள். அவர் ஏழரைக்கு வந்தார். அந்த அறை வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவிடம் சொல்ல வந்ததை, யார் யார் என்ன சொன்னார்கள், புது ஆசிரியர் எப்படித் திரும்பிப் போனார் என்று ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னார். எனக்கு எல்லாம் தெரியும். கேட்டுக்கொண்டிருந்தேன்.