குமுதவல்லி திரும்பிப் போன வாரம்

நேற்று எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடர் முடிந்தது. கதாநாயகி, புருஷன் செய்த அத்தனை அட்டூழியத்தையும் மன்னித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா முடிச்சிட்டாங்க இல்ல மாமா?" என்று கேட்டாள். நான் மடியில் தட்டு வைத்துப் பச்சை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். வயசாகிவிட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடலாம், அது ஒரு வசதி.

வேர்க்கடலைத் தோலில் ஒட்டிய ஈர மண் வாசனை வந்தால் எனக்குக் கூடவே அச்சு மை வாசனையும் வரும். மற்றவர்களுக்கு வருமா என்று தெரியாது. எங்கள் அம்பத்தூர் அப்போது ஏரித் தண்ணீரில் நெல்லும் மேட்டில் கடலையும் விளைந்த ஊர். வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை, உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபது வயது. ஆவடியில் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் டைப் அடிக்கிற வேலை. இரண்டே விரலால் அடிப்பேன். ஆனாலும் காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ரயிலில் இறங்கி வரும்போது சண்டையையே நான்தான் நடத்துகிற மாதிரி ஒரு நடை நடப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனில் வாரப் பத்திரிகை ஒன்று வாங்கி வருவது என் பொறுப்பு. அது என் அக்கா தனத்துக்காக. தெருவில் படிக்கத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் கடலை உரிக்க உட்காருவார்கள், அக்கா தொடர்கதையை உரக்கப் படிப்பாள். வில்லன் பேசும்போது எங்கள் பெரியப்பா குரலில் பேசுவாள். பெரியப்பாவுக்கு அது கடைசி வரை தெரியாது. காகிதப் பஞ்சத்தில் பத்திரிகை வாரா வாரம் இளைத்துக்கொண்டே வந்தது, கதையும் கூடவே இளைத்தது. ஒரு வாரம் கதாநாயகி குமுதவல்லி கதவைத் திறந்தாள், வாசலில் நிற்பது யார் என்று பார்க்க எங்களுக்கு ஏழு நாள் ஆனது.

அந்தக் குமுதவல்லி கட்டினவனால் துரத்தப்பட்டவள். என் அக்காவும் அப்படித்தான். குமணன்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருந்த மாமா, அவள் புருஷன், கல்யாணமான இரண்டாம் வருஷம் வேறொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு, அக்காவை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பெண் போய்விட்டாள். உடனே மாமாவுக்கு அக்கா ஞாபகம் வந்து, தன் சித்தப்பாவைத் தூது அனுப்பினார். அந்தப் பெரியவர் காப்பியெல்லாம் குடித்துவிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

"குமுதவல்லி கதெ முடியட்டும். சொல்றேன்" என்றாள் அக்கா.

பெரியவர் குழம்பிப் போய் எழுந்து போனார். எங்கள் அம்மா மட்டும் குழம்பவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியமும் பூக்கட்டிப் பார்த்துத்தான் முடிவாகும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்ததோ அதுதான் உத்தரவு. அம்மா கதையையும் அதோடு சேர்த்துவிட்டாள். குமுதவல்லி போனால் தனமும் போவாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அக்கா இல்லையென்று சொல்லவில்லை. நாங்களும் அப்படியே நம்பினோம்.

எனக்கோ முடிவு எப்படி வரும் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்துக் கதைகளில் புருஷனை விட்டுப் போனவள் யார்? இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். திருநின்றவூரில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அக்கா வீட்டோடு இருக்கிறாளே என்று பெண் வீட்டார் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அக்கா மேல் உயிர். அந்தப் பெண் மேல் ஆசை. ஆசைதான் முந்திக்கொண்டது. குமணன்சாவடிப் பக்கம் போகிற வண்டிக்காரர் ஒருவரிடம், கதை உங்கள் பக்கம்தான் போகிறது, நாலு வாரம் பொறுங்கள் என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். யாருக்கும் தெரியாமல் செய்தேன். ரொம்ப சாமர்த்தியமாக நடந்துகொண்டதாக அப்போது நினைப்பு.

நான் சொன்னது அப்படியே பலித்தது. கடைசி வாரம் குமுதவல்லி புருஷன் காலில் விழுந்து, அவன் தூக்கி நிறுத்தி, இருவரும் வில்வண்டியில் ஏறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைப் படிக்கும்போது கொட்டகையில் உட்கார இடமில்லை. பாதிக் கதையில் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு மாமா வந்து நின்றார். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் அதே பத்திரிகை. அக்கா ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். குரல் மாறாமல் மேலே படித்தாள். "அன்று முதல் இருவரும் இன்பமாக வாழ்ந்தனர். முற்றும்."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் மனசுக்குள் திருநின்றவூரில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேட்டியா தனம்? அவளே போய்ட்டா. வண்டி கட்டிகினு வந்துகீறேன், கெளம்பு."

அக்கா மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். கோபமே இல்லை. கடலை என்ன விலை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"இன்பமா வாய்ந்தாங்கன்னு எய்தறவருக்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குள்ள தெனம் எய்ந்து அடுப்பு மூட்றது நான்தான? என்னால முடியாது. நான் வர்ல."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான் பார்த்தார், அது போதுமானதாக இருந்தது. அக்கா உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டு, காலி வண்டியோடு போனார்.

அன்று சாயங்காலம் எனக்குச் சோறு போடும்போது அக்கா கேட்டாள். "அவுருக்கு நீதான சொல்லி அனுப்சே?"

இல்லை என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரி" என்றாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

திருநின்றவூர் சம்பந்தம் போய்விட்டது. ஒரு மாதம் நான் அக்காவோடு சரியாகப் பேசவில்லை, அவ்வளவு ரோஷம் எனக்கு. அவள் பாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற பயிற்சிக்கு எழுதிப்போட்டு, பூந்தமல்லிப் பக்கம் வேலைக்கும் போய்விட்டாள். தோளில் பை, கையில் குடை, மழையானாலும் வெயிலானாலும் ஒரே நடை. எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, நன்றாகவே வாழ்ந்தோம். நேற்றுத் தொடரைப் பார்த்து அழுதாளே என் மருமகள், அவள் புருஷன் முதன்முதலாக அழுதது என் அக்காவின் கையில்தான்.

அந்தக் கடலைக்காடு மனையாகி, மனை மாடி வீடுகளாகி, எது எங்கள் கொட்டகை இருந்த இடம் என்று எனக்கே இப்போது சொல்லத் தெரியவில்லை. பூக்கட்டிப் பார்க்கிற வழக்கமும் அம்மாவோடு போயிற்று. அதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அக்கா அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தாள். எத்தனையோ தடவை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். கேட்காமலே சொல்லியிருக்கலாம். இன்றைக்கு ஆமாம் என்று சொன்னால், என்ன கேள்விக்கு என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை.