உங்கள் புகார் தீர்க்கப்பட்டது

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். இது என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது. என் மனைவியும் கூடவே இருந்தாள். வேண்டுமானால் அவளைக் கேட்டுப் பாருங்கள் என்று நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்ல மாட்டேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

எங்கள் ஊர்க் குளிர் ஆளை முடக்கிப் போட்டுவிடும். அதனால்தான் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மெஷின் வைத்தோம். வெளிச் சுவரோரம் பெரிய பெட்டி ஒன்று, உள்ளே அறைக்கு அறை சின்னப் பெட்டி. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவுக்காகவே வாங்கியது. "குளிர் மட்டும் படவே கூடாது, அவங்க நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் குரல் கேட்டது.

"டேய்... குளிருதுடா."

ஓடிப் போய்ப் பார்த்தேன். மற்ற அறைகள் எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. அம்மா அறையில் மட்டும் மெஷின் சில்லென்று ஊதிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் புகை மாதிரி ஆவி வந்தது. இரண்டு கம்பளியைப் போர்த்திவிட்டு சர்வீஸ் நம்பருக்கு அடித்தேன்.

நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். ஒரே பாட்டு. பிறகு ஒரு பெண் தேன் ஒழுகப் பேசி, செவ்வாய்க்கிழமை ஆள் வரும் என்றாள். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று கெஞ்சினேன். "புரியுது சார்" என்றாள். எதுவும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு தடியர் வந்தார். வெளியே இருந்த பெட்டியைத் திறந்து மீட்டரை மாட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். கதவைச் சாத்தி வைங்க."

அவர் வண்டி தெரு திரும்புவதற்குள் போனில் செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

புதன்கிழமை அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் படுக்க வைத்தோம். தூக்கும்போது உடம்பு விறைப்பாக இருந்தது. குளிர்தான் என்று நினைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது. ஹால் மெஷினும் சில்லென்று ஊத ஆரம்பித்தது.

"என்னை என் ரூம்லயே போட்டுடுடா" என்றாள் அம்மா.

கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். ஹால் தானாகவே சூடாகிவிட்டது.

வியாழக்கிழமை இன்னொருவர் வந்து ஏதோ ஒரு எலக்ட்ரானிக் கார்டை மாற்றினார். குளிர் கூடியதுதான் மிச்சம். "பார்ட் வரணும் சார்" என்று தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். மறுபடியும் அதே செய்தி. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

அம்மா எதையும் தொடவில்லை. வைத்த பால் வைத்தபடியே இருந்தது. பசிக்கவில்லையாம், குளிருகிறதாம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

"ஏங்க... அத்தை பேசும்போது கவனிச்சீங்களா?"

"என்னத்த?"

"நம்ம வாயிலதான் ஆவி வருது. அவங்களுக்கு வரல."

எரிந்து விழுந்தேன். அந்த மெஷின்காரர்கள் மேல் இருந்த கோபத்தை எல்லாம் அவள் மேல் கொட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது ஆள் வந்தார். ஒல்லியானவர். பையிலிருந்து கேமரா மாதிரி ஒன்றை எடுத்தார்.

"சூடு இருந்தா இதுல சிவப்பாத் தெரியும் சார். இல்லேன்னா நீலம். குளிர் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிடலாம்."

என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் நான் செக்கச்செவேல் என்று இருந்தேன். சுவர், நீலம். ஜன்னல், நீலம். கட்டில் பக்கம் திருப்பினார்...

அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, சீக்கிரம் சரி பண்ணிக் குடுப்பா" என்றாள் அம்மா.

அவர் என் காதருகே வந்தார்.

"சார்... இப்ப அம்மாவா பேசினாங்க?"

"ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு சார்... அதான்."

கேமராவைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். வண்டியில் ஒரு சாமான் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனார். கதவு சாத்தும் சத்தம். வண்டி கிளம்பும் சத்தம்.

அவர் வரவே இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் கேமராவை நானே எடுத்தேன்.

என் கை, சிவப்பு.

வாசல்படியில் என் மனைவி, சிவப்பு.

கட்டில்...

நீலம். சுவர் எப்படியோ அப்படி. கால்மாட்டில் நான் வைத்த வெந்நீர்ப் பை மட்டும் சிவப்பாக இருந்தது.

"அம்மா?"

"ம்..."

கேமராவைக் கீழே வைத்தேன்.

"சரியாயிடுச்சாடா?"

அழுகை வந்தது.

"சரியாயிடுச்சும்மா. நீ தூங்கு."

டிக்.

மெஷினின் மூடி தானாக அசைந்தது. சூடான காற்று என் முகத்தில் அடித்தது.

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை.

டாக்டர் வந்தார். அம்மாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இத்தனை நாளா ஏன் யாருக்கும் சொல்லல?"

"எத்தனை நாளா டாக்டர்?"

"இவங்க போய் அஞ்சாறு நாள் ஆச்சு. சனிக்கிழமை ராத்திரியே போயிருக்கணும். ரூம் இவ்வளவு குளிரா இருந்ததாலதான் உடம்பு கெடாம இருந்திருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அம்மா என்னை முதலில் கூப்பிட்டாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. மெஷின் அன்றிலிருந்து ஒரு தொந்தரவும் தரவில்லை. அந்த ஒல்லி ஆள் கேமராவைக் கேட்டு வரவே இல்லை. பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இன்று காலை ஹாலில் உட்கார்ந்திருந்தேன். படுக்கையறையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க... உங்களுக்குக் குளிரல?"

உள்ளே போனேன். மெஷின் சில்லென்று ஊதிக்கொண்டிருந்தது.

"இல்லையே" என்றேன்.

என் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி போனது.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் மேலும் ஏதோ சொன்னாள். அப்போதும் அவள் வாயைப் பார்க்கவில்லை. பீரோவையும் திறக்கவில்லை. ஹாலுக்கு வந்து சர்வீஸ் நம்பருக்கு அடித்தேன்.

அதே பாட்டு. இதை எழுதும் இந்த நேரம் வரை ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது எடுத்தால், மெஷின் கெட்டுவிட்டது என்று மட்டும்தான் சொல்வேன். சீக்கிரம் வாருங்கள் என்று சொல்ல மாட்டேன்.