நடுவில் ஒன்றுமில்லை

அவருடைய பெயரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சரிங்க’ எங்கே என்று கேட்டால் விரலை நீட்டிக் கண்ணாடிக் கடையைக் காட்டுவார்கள். யார் எதைச் சொன்னாலும் அவர் தலை முதலில் ஆடும், ‘சரிங்க’ பின்னால் வரும். அளவைத் தப்பாகச் சொன்னாலும் சரிங்க, நாளைக்கே வேண்டும் என்றாலும் சரிங்க. கட்டிய மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “உங்ககிட்ட பேசுறதும் சுவத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுதான், நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்” என்று நின்றபோதும் அதே தலை ஆடியது. அன்றைக்காவது ஆடாமல் இருந்திருக்கலாம். என்ன செய்வது, பழக்க தோஷம்.

ஆனால் வேலையில் மனிதர் புலி. அவர் பொருத்திய கதவில் மூக்கை இடித்துக்கொண்டவர்கள் உண்டு. “கண்ணாடி இருக்கிறதே தெரியலையே” என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம். ஜன்னல் போட வருகிறவர்களிடம், “வெயில் அப்படியே உள்ள வரும், துளி குறையாது” என்பார். வாய் திறந்து அவர் பேசுகிற நீளமான பேச்சு அது ஒன்றுதான்.

பத்து வயது மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். காலை பத்து மணிக்கு மச்சான் கொண்டுவந்து விடுவார், மாலை ஐந்துக்குக் கூட்டிப் போவார். அந்த ஏழு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளையும் தள்ளினார். ஆனால் கடைக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையில் குழந்தைக்கு என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, பேச்சு வராத அப்பா. மதியத்துக்குள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். இரண்டு ஞாயிறு தலைவலி என்று வரவே இல்லை. மகள் கைநழுவிப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. பிடித்து நிறுத்தத்தான் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போது ஒருநாள் அவளே கைபேசியை நீட்டினாள். “அப்பா, இது தாடி ஓணான். கோபம் வந்தா தொண்டை கறுத்து தாடி மாதிரி உப்பும். அங்க வளர்க்க முடியாது, அத்தை பல்லியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறிடுவாங்க. இங்க வளர்க்கலாமா?”

அன்றைக்குத்தான் அவர் தலை மனசோடு சேர்ந்து ஆடியது.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறதும்பாங்க. நீங்க காசு குடுத்து விட்டுக்கிறீங்களே மாப்ளே!”

பிராணிக் கடைக்காரர் குட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விரல் நீளம்தான் இருந்தது. அது அவர்களைப் பார்த்ததும் ஒரு முன்னங்கையைத் தூக்கி மெதுவாக வட்டமாகச் சுழற்றியது.

“டாட்டா காட்டுது!” என்று மகள் குதித்தாள்.

“டாட்டா இல்ல பாப்பா. பெரிய ஓணான் தலையை ஆட்டினா ‘இங்க நான்தான் ராஜா’ன்னு அர்த்தம். குட்டி கையை ஆட்டினா, ‘சரிங்க, நீங்க பெரியவங்க, என்னை விட்டுடுங்க’ன்னு அர்த்தம்.”

மகள் அப்பாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குட்டிக்கு அந்த இடத்திலேயே ‘சின்னச் சரிங்க’ என்று பெயர் விழுந்தது.

கடைக்காரர் வரிசையாகச் சொன்னார். “மணல் வேணாம், தின்னு வயிறு அடைச்சுக்கும், காகிதம் விரிங்க. பூச்சியை சத்துப் பொடியில புரட்டிப் போடுங்க. சூட்டுக்கு ஒரு விளக்கு, எலும்புக்கு ஒரு விளக்கு. எலும்பு விளக்குக்கும் குட்டிக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்கக் கூடாது. நல்லா பாத்துக்கிட்டா பத்து வருஷம் இருக்கும்.”

“சரிங்க.”

சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். பெட்டியைத் தன் கையால் கட்டினார். மேலே வலை போடலாமா என்று யோசித்தார். வலைக்கம்பி நடுவில் வருமே, நிழல் விழுமே! கடையில் இருந்ததிலேயே தெளிவான கண்ணாடியை எடுத்து, ஓரம் தேய்த்து, மூடியாக்கினார். காற்றுக்குப் பக்கச் சுவரில் துளைகள் போட்டார். எலும்பு விளக்கை மூடியின்மேல் வைத்தார். குட்டியை எடுக்கக் குனிந்த மகள் கையை இடித்துக்கொண்டாள்.

“மூடி இருக்கிறதே தெரியலப்பா!”

பாவி மனுஷன் பூரித்துப் போனார். நடுவில் ஒன்றுமில்லை என்றால் அவர் தொழிலில் அதற்கு நல்ல கண்ணாடி என்றுதான் அர்த்தம்.

அதன்பிறகு மகள் ஒன்பது மணிக்கே வந்தாள். நாள் முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு குட்டியைப் பார்த்தாள், பள்ளிக்கூடக் கதைகள் சொன்னாள். அவருக்கும் நாலு வார்த்தை வந்தது. இரண்டரை மாதம் அந்த அறை வீடு மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிறு மகள் பெட்டியை விட்டுத் தலை தூக்கினாள். “அப்பா, இதோட கை நடுங்குது. டாட்டாவும் காட்ட மாட்டேங்குது. கடைக்காரர்கிட்ட கேக்கலாமா?”

“வளர்ற குட்டிம்மா, அப்படித்தான் இருக்கும்.”

மறு ஞாயிறும் கேட்டாள். சரி, கேட்கலாம் என்றார். கேட்கவில்லை. கடைக்காரர் ஏதாவது கோளாறு என்று சொல்லிக் குட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டால், கிடைத்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அதற்கடுத்த ஞாயிறு குட்டி வயிறு தரையில் இழுபட ஊர்ந்தது. பூச்சியைக் கவ்வினால் தாடை மடங்கியது. இருவரும் டாக்டரிடம் ஓடினார்கள்.

டாக்டரம்மா தாடையை மெல்ல அழுத்திப் பார்த்தார். “விளக்கு எப்படி வச்சிருக்கீங்க?”

அவர் கைபேசியில் படத்தைக் காட்டினார்.

“இது என்ன, மூடியா?”

“கண்ணாடிங்க. நானே செஞ்சது. இருக்கிறதே தெரியாது.”

“உங்க கண்ணுக்குத் தெரியாது. எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி உள்ள விடாதுங்க. இத்தனை நாளும் அந்த விளக்கு எரிஞ்சது வீண். மருந்து தர்றேன், பிழைச்சுக்கும். வளைஞ்சது நிமிராது.”

மகள் அழுதிருந்தால்கூடத் தேவலை. “நான் சொன்னேன்ல” என்றாள். அவ்வளவுதான்.

அறைக்கு வந்ததும் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வலையைக் கட்டினார். முதுகு வளைந்த குட்டி விளக்கடியில் கிடந்தது. ஐந்து மணிக்கு மச்சான் வண்டி வந்தது.

“அப்பா, அடுத்த ஞாயிறுலேருந்து எனக்கு வகுப்பு இருக்கு.”

“என்ன வகுப்பு?” என்று கேட்டது அவரில்லை, மச்சான். மகள் குனிந்து செருப்பை மாட்டினாள். போகாதேம்மா, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தொண்டைவரை வந்தது. தலை முந்திக்கொண்டு ஆடிவிட்டது.

“சரிம்மா.”

வண்டி தெருமுனையில் திரும்பும்போது மகள் ஒரு கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினாள். டாட்டாதான் என்று நினைத்துக்கொள்ள அவர் ரொம்ப முயன்றார்.