கயிற்றின் கடைசி ஆள்

நெஞ்சுக்குள் ஒரு சிறிய கம்பிக் குழாயை வைத்து வைத்தியசாலையிலிருந்து அனுப்பிய நாள் தொடக்கம், என் வலது கை விரல்கள் இடது மணிக்கட்டை விட்டு அகலவேயில்லை என்று மனைவி சொல்வாள். அது மிகை. சாப்பிடும்போது எடுப்பேன்.

துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது என் பொறுப்பு. நிமிர்ந்த கோடு நான்கு, அவற்றை வெட்டிக் குறுக்கே ஒன்று. மா, சீனி, சீமெந்து எல்லாம் மற்றவர்களின் முதுகில் என்னைக் கடந்து போயின. ஒரு மூட்டையைக்கூட நான் தூக்கியதில்லை, பென்சில்தான் தூக்கினேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ண மூட்டை இல்லை, ஆனால் பழக்கம் ஓய்வு பெறவில்லை. தெருவிளக்குகளை எண்ணினேன். எங்கள் ஒழுங்கைக்குள் புகுந்து வாழைத்தோல் தின்னும் மான்களை எண்ணினேன். மனைவி தன் தேத்தண்ணீரில் போடும் சீனியை எண்ணி, அவளிடம் ஏச்சு வாங்கினேன். நெஞ்சு வருத்தம் வந்ததும் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாடியை மட்டும் எண்ணத் தொடங்கினேன்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் அம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

"நல்லா நடவுங்கோ. வீட்டு வேலையளும் செய்யுங்கோ. ஒரே ஒரு அளவுதான், ஐயா. செய்துகொண்டே கதைக்க ஏலுமெண்டால் அது சரி. கதைக்க ஏலாமல் மூச்சு வாங்கினால் விட்டிடுங்கோ."

இதில் முதல் பாதியை அங்கேயே வைத்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தேங்காய் துருவுவதில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில்லை. அலுமாரியின் மேல்தட்டில் இருப்பதை எட்டி எடுப்பதில்லை. எல்லாவற்றையும்விட, தனியாக இருப்பதில்லை. மனைவி கடைக்குப் போனால் வரும்வரை வாசல் படலையடியில் நிற்பேன்.

இதனால் பெரிய நட்டம் அவளுக்குத்தான். அவளுடைய அக்கா சம்பூரில் தனியாக இருக்கிறார். ஊரை விட்டு ஓடி, முகாமிலும் உறவினர் வீடுகளிலும் வருடக்கணக்காக இருந்து, கடைசியில் தன் காணிக்குத் திரும்பியவர். இனி ஓர் இரவுகூட வேறு கூரையின் கீழே படுக்கமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டார். சொன்னபடி இருக்கிறார். ஆகவே பார்க்க வேண்டுமென்றால் இவள்தான் போக வேண்டும். என் நெஞ்சு வருத்தத்துக்கு முந்தி, கொஞ்ச நாளைக்கு ஒருமுறை போய், ஆறுதலாகச் சில நாள் நின்று, ஒரு பை கச்சான் கடலையோடும் அந்த ஊர்க் கதைகளோடும் திரும்பி வருவாள். வரும்போது முகமே வேறாக இருக்கும். இப்போது போவதேயில்லை. அக்காவுக்கோ கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் குசினிக்குள் நின்று அவள் தொலைபேசியில் கதைப்பது எனக்குக் கேட்டது.

"இவரைத் தனிய விட்டிட்டு எப்பிடியக்கா வாறது?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அக்காவின் குரல் தாழ்ந்து பழகாத குரல். விறாந்தையில் இருந்த எனக்கும் கேட்டது. "அப்ப நான் முழுக்கக் குருடான பிறகு வா. உன்ர முகத்தைத் தடவிப் பாக்கிறன்."

மனைவி அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், "ரெண்டு பேருமாப் போய் வருவமே?" என்றாள். பஸ், அதில் நெரிசல், இறங்கிய பிறகு வெயிலில் மணல் பாதை. நினைத்ததுமே என் விரல்கள் மணிக்கட்டுக்குப் போய்விட்டன. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. கேட்டு அழுதிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். கேட்காத ஆளோடு என்ன செய்வது?

டொக்டருக்குக் கணக்குக் காட்டுவதற்காக மட்டும், காலையில் ஆட்கள் நடமாடும் நேரமாகப் பார்த்துக் கடற்கரையில் நடந்தேன். அதில் ஒரு சந்தோஷமும் இருக்கவில்லை. என் கையை நானே பிடித்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது போன்ற நடை அது.

கடல் அடங்கிக் கரைவலை தொடங்கிய காலம். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு நுனியிலிருந்தும் நீளக் கயிறுகள் கரைக்கு வரும். கயிற்றுக்கு ஒரு கூட்டமாக நின்று, பின்பக்கமாக நடந்து நடந்து இழுப்பார்கள். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்த கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, மறுபடி தண்ணீர் விளிம்புக்கு இறங்கிப் பிடிப்பார். கடற்கரையில் நடப்பவர்களுக்கு இந்தக் கயிறு வழியில் குறுக்கே நிற்கும். தெரிந்தவர்கள் குனிந்து போவார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவன், தாழ்ந்து கிடந்த இடத்தில் சப்பாத்துக் காலோடு தாண்டிவிட்டேன்.

"ஐயோ! சேர் சப்பாத்தோட தாண்டிட்டார்!"

எல்லோரும் இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்களை நடத்துபவர் கிண்ணியா ஆள், சாரத்தை மடித்துக் கட்டிய பெரிய உடம்புக்காரர். தலையில் கை வைத்தார்.

"இனி வலை மடிக்குள்ள மண்தான் வரும். வாங்க சேர், வந்து பிடிங்க."

"நானோ?"

"தாண்டின ஆள் கயிறு பிடிக்கணும். எங்கட வலையில அதுதான் வழக்கம். இல்லாட்டி இண்டைக்கு எங்களுக்கு ஒண்டும் இல்ல."

"எனக்கு நெஞ்சு வருத்தம்," என்றேன். இதைச் சொன்னால் பொதுவாக ஆட்கள் கதிரை கொண்டுவருவார்கள்.

கயிற்றின் வால்பக்கம் நின்ற மெலிந்த மனிதர் திரும்பினார். இலங்கைத்துறைக்காரர் என்று பின்னால் அறிந்தேன். "எங்களுக்கும் அதுதான் சேர். மீன் படாட்டி எல்லாருக்கும் நெஞ்சு வருத்தம்தான்."

சிரித்தார்கள். நடத்துபவர் சிரிக்கவில்லை. "நீங்க இழுக்க வேணாம். கடைசியில நிண்டு கையை வைங்க, போதும். கயிறு உங்களைக் கூட்டிட்டு வரும்."

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மெலிந்தவருக்குப் பின்னால் நின்று பிடித்தேன். ஈரக் கயிறு, சொரசொரப்பு, உப்பு. பின்பக்கமாக நடக்கும்போது கால் எங்கே படும் என்று தெரியாது. பயத்தில் எனக்கு வேறென்ன வரும்? எனக்கு முன்னால் நின்ற முதுகுகளை வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். மூன்றுக்குப் போகவில்லை, முன்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஆர் அது எண்ணுற? வலை தண்ணிக்குள்ள கிடக்கக்குள்ள எண்ணப்படாது! ஆளையும் எண்ணப்படாது, மீனையும் எண்ணப்படாது!"

"மனசுக்குள்ளயும் எண்ணாதீங்கோ சேர்," என்றார் மெலிந்தவர். "மீனுக்குக் கேக்கும்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"கதையுங்கோ."

என்ன வேலை செய்தேன் என்று அவரே கேட்டார். சொன்னேன்.

"ஓ, மூட்டை எண்ணின ஆளோ! என்ர மாமா அங்க மூட்டை தூக்கினவர். எவனோ ஒருத்தன் ஒரு மூட்டை குறைச்சுப் போட்டிட்டான் எண்டு சாகுமட்டும் ஏசிக்கொண்டிருந்தவர். அது நீங்களோ?"

"நான் குறைச்சுப் போடுறேல்லை."

"அவனும் அப்பிடித்தான் சொன்னவனாம்."

மாமாவுக்காக நான் வாதாடினேன், எழுதுவினைஞருக்காகவும் வாதாடினேன். அதற்குள் மிதப்புக் கட்டைகள் கிட்ட வந்துவிட்டன. மடி மணலில் ஏறியது. பெரிதாக ஒன்றுமில்லை. சாளை, கொஞ்சம் கீரிமீன், இரண்டு மூன்று பாரை. ஆனால் மண் மட்டும் வரவில்லை என்பதில் எல்லோருக்கும் திருப்தி. அப்போதுதான் கவனித்தேன்: என் இரண்டு கைகளும் கயிற்றில் இருந்திருக்கின்றன. இவ்வளவு நேரமும் என் நெஞ்சை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. நாம் ஓய்வு பெற்ற பிறகு வேலை பார்த்த கந்தோருக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதைக் காண்போமே, அப்படி ஓர் ஆறுதலும் சிறு அவமானமும்.

கயிறு பிடித்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பார்கள். எனக்கும் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்குப் போனால் மனைவி படலையிலேயே மறித்தாள்.

"வெள்ளிக்கிழமை! மீனோட வாறீங்கள்!" பிறகு சிவந்திருந்த என் உள்ளங்கைகளைக் கண்டாள். "என்ன இது? என்ன செய்தனீங்கள்?"

"கயிறு பிடிச்சனான்."

"ஆரின்ர கயிறு?"

சொன்னேன். விறாந்தைக் கதிரையில் போய் இருந்துவிட்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினாள்தான், நன்றாகவே. ஆனால் மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள், மதில் ஓரமாய் நின்று அந்த வீட்டுக்காரிக்கு என் கதையைச் சொல்லிச் சிரிப்பது எனக்குக் கேட்டது.

டொக்டர் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"கதைக்க ஏலுமாயிருக்கோ?" என்றார்.

"கதைக்காமல் இருக்க விடமாட்டினம், அம்மா."

வால்பக்கம் மட்டும் நில்லுங்கள், பாரமென்றால் விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பருவம் முழுவதும் பெரும்பாலான காலைகளில் போனேன். குறை சொல்ல எனக்கு நிறைய உண்டு. உள்ளங்கை கொப்பளித்தது. மணல் காதுக்குள்ளும் போகும் என்பதை அங்கேதான் கண்டேன். அவர்கள் பேசும் தூஷணத்தை இங்கே எழுத ஏலாது. வயிறும் குறையவில்லை, அளவு நாடா வைத்துப் பார்த்தேன். ஆனால் பசித்துச் சாப்பிட்டேன். படுத்ததும் நித்திரை வந்தது. ஒரு நாள் மனைவி தேங்காயை உடைத்து வைத்துவிட்டு வாசலுக்குப் போன நேரம், நான் பாட்டுக்குத் திருவலையில் இருந்து துருவி முடித்திருந்தேன். அவள் தேங்காய்ப்பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அதை அப்படியே கறியில் போட்டாள். உடம்புக்கு வேலை இல்லாதபோது மனம் அதற்குக் காவல் நிற்கிறது என்று நினைக்கிறேன். காவல்காரனுக்கு எந்தச் சத்தமும் கள்ளன்தான். உடம்பை வேலைக்கு அனுப்பிவிட்டால் மனமும் கொஞ்சம் உலாவப் போகிறது. எனக்கு வந்த சந்தோஷம் இதுதான். பெரியதல்ல. ஆனால் இந்த வயதில் அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஒரு காலை வலை முழுக்கச் சொறிமீன். நுங்கு போலக் கண்ணாடியாய், கல் போலப் பாரமாய். கயிறு நகர மறுத்தது. மற்றவர்களோடு நானும் தம் பிடித்து இழுத்துவிட்டேன். திடீரென்று மூச்சு வாங்கியது. கயிற்றை விட்டுவிட்டு மணலில் இருந்தேன். விரல்கள் தாமாக மணிக்கட்டுக்குப் போயின. இதுதான், முடிந்தது என்று நினைத்தேன். மெலிந்தவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"கதையுங்கோ சேர்."

"கதைக்க… ஏலாது."

"அதைக் கதைச்சிட்டீங்கதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு வேண்டும், அது வந்தது. நடத்துபவர் தன் போத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து தந்துவிட்டு நின்றார். நெஞ்சில் நோவில்லை, குளிர் வியர்வையில்லை. மெதுவாக எல்லாம் இறங்கி அடங்கியது. அன்றே கிளினிக்குக்கும் போனேன். சோதித்துப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு மணலிலேயே தெரிந்துவிட்டிருந்தது. பயம் வந்தால் திரும்பிப் போகவும் செய்யும். இத்தனை காலமும் அது வருவதை மட்டுமே பார்த்திருந்தேன்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். "வெளிக்கிடும். நாளைக்கு அக்காவிட்டப் போவம்."

அவள் உடனே போய்ச் சாறியை எடுத்து மடித்து வைத்தாள். நான் மனம் மாறிவிடுவேன் என்ற அவசரம் அது.

மூதூரில் பஸ் மாறிச் சம்பூரில் இறங்கினோம். மணல் பாதையில் பையை நான் தூக்கிக்கொண்டேன். கதைத்துக்கொண்டே நடந்தோம். பாதி வழியில் பின்னாலிருந்து, "மெல்ல நடவுங்கோவன், எனக்கு ஏலாது," என்றாள். நின்றேன். குடைக்குள் அவள் முகம் வியர்த்து, கோபமும் சிரிப்புமாக இருந்தது.

அக்கா படலையடியில் காத்து நின்றார். தங்கையின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தெரியுது," என்றார். "மெலிஞ்சு போனாய்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கட நெஞ்சு எப்பிடி?"

"அது தன்ர பாட்டில கிடக்கு, அக்கா."

மத்தியானம் சாப்பிட்டோம். கடைசி பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியது. மனைவி எழுந்து பையை எடுத்தாள். அக்கா அவள் நிற்கும் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"நீர் நில்லும்," என்றேன். "ஆறுதலா நிண்டு வாரும். நான் போறன்."

"தனியவோ?"

"ஓம்."

"சோறு?"

"காய்ச்சுவன்."

"கறி?"

"கறிக்குத்தான் கடற்கரை இருக்கு."

"இரவில ஏதும் எண்டால்?"

"பக்கத்து வீட்டைக் கூப்பிடுவன்."

"உங்களுக்கு என்ன நடந்தது?" என்றாள்.

"மனுசன் போறன் எண்டால் விடன்டி," என்றார் அக்கா.

மனைவி பையைக் கீழே வைத்தாள். அதற்குள்ளிருந்து என் மருந்துகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். வருத்தம் வந்த நாளிலிருந்து, நான் வெளியே கால் வைத்தால் என் நெஞ்சைத்தான் பார்ப்பாள். அன்று முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "போன உடன கோல் எடுங்கோ," என்று சொல்லித் திரும்பிவிட்டாள்.

நான் படலையைச் சாத்திக் கொழுக்கியைப் போடுவதற்குள் உள்ளே இருவரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதாகத் தெரியவில்லை. பஸ்ஸுக்குப் போக வேண்டும்தான். என்றாலும் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கோயிலில் நிற்பது போல நின்றேன்.