ஆணி இறங்காத தூண்

தாராவியில் எங்கள் சமுதாயக் கூடத்தை இடித்துவிட்டு மரத்தால் கட்டப் போகிறார்கள் என்றதும் முதலில் எதிர்த்தவள் நான்தான். நெருப்பென்றால் எங்கள் சந்தே நடுங்கும். இன்ஜினியர், பலகைகளை அடுக்கி ஒட்டிய கனத்த கட்டை ஒன்றை எங்கள் கண்முன் எரித்து, பிறகு அறுத்துக் காட்டினார். மேலே கரி, உள்ளே புது மரம். நாலே மாதத்தில் கட்டிடம் எழும்பிவிடும், வெயிலும் தெரியாது என்றார். அந்தக் கட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், பழைய கூடத்தை இடிக்கக் கையெழுத்து வாங்கினேன்.

நாலு மாதம் ஒன்றரை வருடமானது. சுற்றிலும் தகரம் அடைத்துத்தான் கட்டினார்கள். சிமெண்டு மூட்டைகள் வந்தபோது அஸ்திவாரத்துக்கு என்றார்கள். நம்பினேன்.

திறப்பு விழாக் காலையில், தோரணம் கட்டத் தூணில் ஆணி அடித்தேன். கொஞ்சம் இறங்கியதும் வளைந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. ஓரத்தை நெம்பினேன். மெல்லிய பலகை, அதன் பின்னால் சிமெண்டு.

கூடம் கட்டும் பொறுப்பை ஏற்றிருந்த எங்கள் சங்கச் செயலாளர் அருகில்தான் நின்றார். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர்.

"நான் கையெழுத்து வாங்கப் போவும்போதே இது ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும் தங்கச்சி. பழசும் சிமெண்டு, புதுசும் சிமெண்டுன்னு சொன்னா இடிக்க எவன் சம்மதிப்பான்? நீ சொன்னாத்தான் சனம் நம்பும்."

நெம்பிய ஓரத்தை அழுத்தி மூடிவிட்டு, தோரணத்தைக் கயிற்றால் தூணில் கட்டினேன்.

"ஏன்க்கா, ஆணி இறங்கலையா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு மேரி.

"கெட்டி மரம்" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். மேரி தலையாட்டிவிட்டு, அந்தத் தூணை ஆசையாகத் தடவிப் பார்த்ததைத்தான் மறக்க முடியவில்லை.