அப்பா பேர்த்துக்குப் போகாத காரணம்

அப்பாவின் பெயர் மகேந்திரராஜா. மெஷின் ஃபிட்டர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தபோது அவர் கட்டாரில், டோகாவில் ஒரு தொழிலாளர் முகாமில் இருந்தார். என்னை முதலில் பார்த்தபோது எனக்கு இரண்டு வயது. அடுத்த வருடம் மெல்பேர்ண் வந்தோம்.

டண்டினோங்கில் கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை செய்தார். நாங்கள் இருந்த ஸ்பிரிங்வேலிலிருந்து ஐந்து தமிழர்கள் ஒரே வான் வண்டியில் போவார்கள். வான் அப்பாவுடையது. முன் இருக்கை சிவமணி அங்கிளுக்கு.

2017இல் இங்கே கார் செய்வது நின்றது. அப்பாவின் தொழிற்சாலையும் மூடுவதாக மார்ச் மாதம் அறிவித்தார்கள். ஃபிட்டர்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில், இரும்புச் சுரங்கத்தில் வேலை இருந்தது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடும்பம் அங்கே பேர்த் நகரில் இருக்கும். அவர் தொடர்ந்து பதினான்கு நாள் சுரங்க முகாமில், ஒரு கிழமை வீட்டில். என் அம்மா கலாவின் அக்கா பேர்த்தில்தான் இருக்கிறார். அம்மா அன்றே பெட்டி அடுக்கத் தயார்.

மார்ச் 19, ஞாயிறு. மறுநாள் எனக்குக் கணிதச் சோதனை, அதனால் திகதி மறக்கவில்லை. அம்மா பக்கத்தில் இருக்க, பேர்த்துக்குப் போவோமா என்று அப்பா என்னிடம் கேட்டார். நான் பன்னிரண்டாம் ஆண்டு. பள்ளிக்கூடம் மாறமாட்டேன் என்று கத்தினேன். பிள்ளையின் படிப்பு என்றால் எங்கள் வீடுகளில் அதற்கு மேல் பேச்சில்லை. அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார்.

மெல்பேர்ணின் மறுகோடியில், வெரிபீயில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் முக்கால்வாசி. போக்கும் வரவும் மூன்று மணித்தியாலம். போன ஜூன் மாதம், வேலை தொடங்குமுன், அந்த இடத்துக் கார் தரிப்பிடத்திலேயே அவருடைய இதயம் நின்றது.

மூன்று மணித்தியாலத்தை ஏழரை வருடத்தால் பெருக்கிப் பார்த்தேன். விடையை யாருக்கும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு சிவமணி அங்கிள் பேர்த்திலிருந்து வந்தார். அவர் சுரங்கத்துக்குப் போனவர். சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"நான் ஓம் எண்டிருந்தா அப்பா உங்களோட வந்திருப்பார், அங்கிள். வேலைக்கு இவ்வளவு தூரம் ஓடியிருக்கமாட்டார்."

அவர் மடித்த கதிரையை விரித்து அதிலேயே இருந்தார். "ஆர் பிள்ளை உமக்கு இதைச் சொன்னது?" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுத் தொலைபேசியில் வெகுநேரம் தேடினார். அப்பாவின் எந்தக் குரல் செய்தியையும் அவர் அழித்ததில்லை.

முதலில் அப்பாவின் இருமல். பிறகு பேச்சு.

"சிவமணி, சுரங்கத்துக்கு நான் மாட்டன் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன். டோகாவில முகாமில கிடந்தது போதும். என்ரை பிள்ளைக்கு என்னைத் தெரியவே ரெண்டு வருசம் போச்சுது. கலாவிட்ட நேர சொன்னா விடாள். ஞாயிறு பிள்ளையைக் கேக்கிறன். அவள் எப்பிடியும் மாட்டன் எண்டுதான் குதிப்பாள். கலாவின்ரை வாய் அதோட அடங்கும்."

என் வேலை ரயில் சமிக்ஞை. கோளாறு வந்தால் எது முன்னால், எது பின்னால் என்று பதிவில் பார்ப்போம். திரையில் திகதியைப் பார்த்தேன். மார்ச் 16, வியாழன். என்னைக் கேட்பதற்கு மூன்று நாள் முன்பு.

திரும்பவும் பார்த்தேன். வியாழன்தான். மூச்சு நெஞ்சின் அடிவரை போய்வந்தது. முப்பத்தொரு நாளில் அது முதல் தடவை.

அம்மாவைக் கூப்பிட்டோம். இரண்டு தரம் கேட்டார்.

"கள்ளன்," என்றார். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, திரும்பவும் சிரிப்பு. அங்கிளும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து அம்மா என் பக்கத்தில் இருந்தார்.

"பேர்த்துக்கு டிக்கெட் போடு. அக்காவைப் பாத்திட்டு வருவம். இப்பவாவது வாறியோ?"

"ஓம் அம்மா," என்றேன்.