இசக்கியக்காவின் ஆடிச்சுற்று

இங்கிலீஷ் என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், எங்கள் எதிர்வீட்டு இசக்கியக்கா இந்நேரம் ஓர் அரசாங்க ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எரிச்சல்தான் வருகிறது.

அவள் புருஷன் மருதப்பன் அப்படி ஓர் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கே காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்து, வருஷத் திதி கழிந்த பிறகுதான் ஆள் வந்து சொன்னார். குடும்பத்தில் ஒருத்தருக்கு வேலை உண்டு, ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருக்க வேண்டுமாம். அது எழுபத்தொன்பதாம் வருஷம். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவள்தான். இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது. கல்யாணம் நிச்சயமான பெண் என்பதால் அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருதப்பனின் தம்பி சண்முகையா பாஸ் பண்ணியவன். விசைத்தறிக்கு நாலு நாள் போவான், பத்து நாள் போகமாட்டான். அக்கா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வேலை அவனுக்கு. மாமியார் முத்துத்தாய் தேனொழுகப் பேசினாள்.

“ஒனக்கு எதுக்குட்டி இந்தப் பாடு? அவன் சம்பாரிச்சு ஒனக்குஞ் சேத்துக் கஞ்சி ஊத்தமாட்டானா?”

அதற்குப் பதிலை அக்கா குழாயடியில் என்னிடம்தான் சொன்னாள்.

“ஊத்துவான் கோமதி. இன்னைக்கு ஊத்துவான். நாளைக்கு அவனுக்குன்னு ஒருத்தி வருவால்லா? அவ ஊத்தணுமே.”

அழுது அடம்பிடித்து, செப்டம்பர் பரீட்சை வரைக்கும் அவகாசம் வாங்கினாள். அதில் தேறினால் வேலை அவளுக்கு, தேறாவிட்டால் கையெழுத்து. ஆபீசிலும் அதற்கு மேல் பொறுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சைக்கிள் கடை மாடியில் பெத்துராஜ் சார் டுடோரியல் நடத்தினார். நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். நானும் இங்கிலீஷில் கோட்டைவிட்டவள்தான். சொந்தத் தறி வைத்திருந்த என் அப்பா, பொண்ணு பாஸ் என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டில் ஒரு மரியாதை என்று என்னைத் துரத்திவிட்டிருந்தார். எனக்குப் படிப்பில் ஒரு பிடிப்பும் கிடையாது.

சார் பலகையில் எழுதிப்போட்டுச் சொல்வார். தமிழில் சந்தைக்கு, வீட்டில், என்மேல் என்று வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இங்கிலீஷில் அது தனியாக நிற்கும். முன்னால் இருக்கிற பெயர்ச்சொல் எதைக் கூப்பிடுகிறதோ அதுதான் வரும். டிமாண்ட் என்றால் ஃபார், இன்ட்ரஸ்ட் என்றால் இன், ஆன்ஸர் என்றால் டு. மாற்றிப் போட்டால் மார்க் கிடையாது.

ஒருநாள் அக்கா எழுந்து கேட்டாள். “சார், ரீசன்னாலும் காரணம், காஸ்னாலும் காரணம். பெறகு எதுக்கு ரீசனுக்கு ஃபார், காஸுக்கு ஆஃப்?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது அப்படித்தாம்மா. அவங்க வீட்டு வழக்கம். நம்ம கேள்வி கேக்க முடியாது. மனப்பாடம் பண்ணு.”

நியாயம் புரிந்தால் பிடித்துக்கொள்கிற மூளை அவளுடையது. இதில் நியாயமே இல்லை என்றதும் திகைத்துப் போனாள். காலையில் படித்தது சாயங்காலம் கலங்கிப் போகும். இன் இருந்த இடத்தில் ஃபார் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்படியில் தேம்பியதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆடியில் கோமதியம்மன் கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். நேர்ந்துகொண்டவர்கள் கோயிலை நூற்றொரு தடவை சுற்றுவார்கள். ஒற்றைக்காலில் தபசு நிற்கிற கோமதியம்மனின் கால்வலியை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு நம்பிக்கை. அக்கா பாஸாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தாள். சுற்றுகிற நேரம் வீணாகிறதே என்று படிப்பையும் கூடவே எடுத்துப் போனாள்.

அங்கேதான் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. கோயிலின் நாலு பக்கத்தையும் நாலு சொல்லுக்குப் பங்கு பிரித்துவிட்டாள். கோபுரம் இருக்கிற கிழக்குப் பக்கம் முழுக்க ஃபார். தெற்கே திரும்பினால் ஆஃப். மேற்கே இன், வடக்கே டு. ரீசன், டிசைர், பிட்டி எல்லாம் கிழக்கே வரிசையாக நின்றன. ஃபெய்த்தும் இன்ட்ரஸ்ட்டும் மேற்கே நின்றன. தபசு முடிவதற்குள் அத்தனையும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெத்துராஜ் சாரே, “இந்தப் பொம்பள ஒண்ணுகூட விடமாட்டா” என்று கடைக்காரரிடம் சொல்லி மாய்ந்து போனார்.

நானும் சில நாள் கூட நடந்தேன். வடக்குப் பக்கம் போகும்போது மேற்கே விட்டுவந்த ஒரு சொல்லைக் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருந்தாள். கோபுர வாசலைத் தாண்டி, தெற்கே சுற்றி, மேற்கே வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னாள்.

“ஏன்க்கா, அப்பமே சொன்னா என்ன?”

“வலமாத்தான வரணும்? திரும்பி நடந்தா பாவம்லா.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பரீட்சையன்று நெற்றியில் கோயில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வந்தாள். எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் அவளுக்கு இடம். தயங்காமல் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். பெஞ்சுக்கு அடியில் அவள் பாதம் மட்டும் மெதுவாக அசைந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அக்கா கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் கேள்விக்கு மேற்கே போக வேண்டும். அடுத்ததற்குத் தெற்கே. இரண்டு எட்டு பின்னால் வைத்தால் முடிந்திருக்கும். அவள் வைக்கமாட்டாள். வடக்கே எல்லாச் சொல்லையும் சொல்லி, கோபுரத்தில் கும்பிட்டு, கிழக்கையும் முடித்துத்தான் தெற்கே வருவாள். ஒவ்வொரு கோட்டுக்கும் இப்படி ஒரு சுற்று. ‘ஏ அக்கா, விட்டுட்டு அடுத்ததுக்குப் போ’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. பரீட்சை ஹாலில் வாயைத் திறக்க முடியுமா?

காலசைவைப் பார்த்த சூப்பர்வைசர், பிட் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். எழுப்பி நிறுத்தினார். செருப்பைக் கழற்றச் சொன்னார், சேலை மடிப்பை உதறச் சொன்னார். ஒன்றும் இல்லை. “சரி, உக்காரு” என்றார். அவருக்கு அதோடு முடிந்தது. அக்காவுக்கு எங்கே நின்றோம் என்பதே தப்பிப்போயிருந்தது. மறுபடி கோபுர வாசலிலிருந்து ஆரம்பித்தாள். கோடுகள் தாண்டி, அதற்குப் பின்னால் கடிதமும் கட்டுரையும் காத்துக் கிடந்தன. தெரியாத இடத்திலெல்லாம் ஆஃப் போட்டுவிட்டு நான் முடித்திருந்தேன். மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் அழவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாந் தெரியும் கோமதி. ஒண்ணுகூட மறக்கல. அங்கன போய்ச் சேரதுக்குள்ள மணி அடிச்சிட்டான்.”

“ஒரு எட்டு பின்னால வச்சிருக்கக் கூடாதாக்கா?”

“நெனச்சேன். கால் வரமாட்டேன்னுட்டு.”

பேப்பரில் ரிசல்ட் வந்தது. என் நம்பர் இருந்தது, அவள் நம்பர் இல்லை. அன்றைக்கே மாமியார் பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா கையெழுத்துப் போட்டாள். சண்முகையா புதுச்சட்டை போட்டு ஆபீசுக்குப் போனான். அடுத்த தையில் அவனுக்கு ஒருத்தி வந்தாள். என்னையும் வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஒருத்தரும் கேட்காத என் சர்ட்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கிழித்துப்போடலாம் போல இருக்கும். கிழித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

நாலைந்து வருஷம் கழித்து ஆடித்தபசுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கோயிலில் சுற்றுகிற கூட்டத்தில் அக்கா போய்க்கொண்டிருந்தாள். மெலிந்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். உதடு முணுமுணுத்தது. பக்கத்தில் போன பிறகுதான் காதில் விழுந்தது. “ரீசன் ஃபார், டிசைர் ஃபார், பிட்டி ஃபார்...”

“என்னக்கா, இன்னுமா இதச் சொல்லுத?”

“அம்மன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிக்கேன். நாலு எட்டு வச்சதும் இதுதான் வருது. நிறுத்தத் தெரியல.”

“இப்பம் என்னத்துக்கு நேர்ந்துகிட்ட?”

அவள் நடையை நிறுத்தவில்லை.

“சண்முகையா பொண்டாட்டி என்னைய வேற எங்கயாவது போகச் சொல்லுதா. தாய் வீட்டுலயும் யாருமில்ல. எங்கன போறதுன்னு தெரியல கோமதி. அதான் சுத்துதேன்.”

தெற்கு மூலை வந்தது. அவள் ஆஃபுக்கு மாறினாள். நானும் கூடவே நடந்தேன்.